1780 என்று பொறித்திருந்தால் அது 1780ஆம் ஆண்டு நாணயமா?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். அம்மாவின் பிறந்த வீட்டுப் பரணிலிருந்த தகரப் பெட்டியில் உங்களுக்கு நான்கு பொருள்கள் கிடைத்திருக்கின்றன. முதலாவது, ஒரு பெண்ணின் உருவமும் 1780 என்ற ஆண்டும் பொறித்த பெரிய வெள்ளிக் காசு. இரண்டாவது, கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் ஒரு பக்கம், ராமர் பட்டாபிஷேகக் காட்சி மறுபக்கம் என்று அமைந்த ‘ஒரு அணா’ செம்புக் காசு. மூன்றாவது, குதிரைவீரன் உருவமும் 1914, 1918 என்ற ஆண்டுகளும் உள்ள வெள்ளிப் பதக்கம். நான்காவது, துளையிட்டு எழுத்தும் எண்களும் குத்திய, துருப்பிடித்த தகர வில்லை. ராமர் காசுக்கு இரண்டு லட்சம் ரூபாய் தருவதாகவும், அதற்குமுன் ‘சோதனைக் கட்டணம்’ பதினைந்தாயிரம் நீங்கள் கட்ட வேண்டும் என்றும் ஒருவர் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். எதை விற்கலாம், எதை வைத்துக்கொள்ளலாம், இவற்றைக் கொண்டு உலக நாணயச் சேகரிப்பைத் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டிருப்பது விலையை. ஆனால் இந்த நான்கும் என்ன பொருள்கள், எப்போது, எங்கே செய்யப்பட்டவை என்று தெரியாமல் விலைக்கு வர முடியாது. நான் முப்பது ஆண்டுகளாகச் சேகரிப்பவன். அவற்றில் சில ஆண்டுகள் ஓர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் பட்டியலிடும் பணியில் இருந்தேன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பணம் கைவிட்டுப் போகும் அபாயம் இருப்பதால் ராமர் காசிலிருந்து தொடங்குகிறேன். தயவுசெய்து அந்தப் பதினைந்தாயிரத்தைக் கட்டாதீர்கள். நீங்கள் விவரித்தபடி இருக்கும் காசு கம்பெனியின் எந்த நாணயசாலையிலும் அச்சடிக்கப்பட்டதன்று. இதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே மாதிரியான நாணயத்தைக் கொண்டுவந்ததே 1835இல்தான். 1818இல் வங்காளம், சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களும் தத்தமக்கு வேறு வேறு காசுகளை வைத்திருந்தன. 1835க்குப் பிறகும் செம்பில் வந்தவை அரை அணா, கால் அணா, அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கான பை போன்ற சிறு மதிப்புகளே. ஒரு அணா என்ற தனி நாணயம், எட்வர்டு மன்னர் காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில்தான், அதுவும் செம்பு நிக்கல் கலவையில் வந்தது. ஆகவே 1818 என்ற ஆண்டும், ஒரு அணா என்ற மதிப்பும், செம்பு என்ற உலோகமும் ஒரே காசில் சேரவே வழியில்லை. 1616, 1717 என்றெல்லாம் ஆண்டு போட்டு அனுமன், லட்சுமி, விநாயகர் உருவங்களோடு வருபவையும் இதே வகைதான். இவை பிற்காலத்தில் சந்தைக்காகச் செய்யப்பட்டவை. பித்தளைக் கடையில் எடைக்கு என்ன கொடுப்பார்களோ அதுதான் இவற்றின் விலை.

கம்பெனிக் காசில் தெய்வ உருவமே கிடையாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். சென்னையில் கம்பெனி அடித்த வராகன் என்ற பொன் காசில் திருமாலின் உருவம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடித்த வெள்ளிக் கால் வராகனில் ஒரு பக்கம் கோபுரமும் அதைச் சுற்றி நட்சத்திரங்களும், மறுபக்கம் திருமாலும், அவரைச் சுற்றித் தமிழிலும் தெலுங்கிலும் மதிப்பைக் குறிக்கும் எழுத்துகளும் இருக்கும். முதன்முதலில் அந்தக் காசைக் கையில் வைத்து ‘கால் வராகன்’ என்று எழுத்துக் கூட்டிப் படித்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ராமர் பட்டாபிஷேகம் பொறித்த வெள்ளி, பொன் காசுகளிலும் உண்மையான பழையவை உண்டு. ஆனால் அவை கோயில் காசுகள்; பூசையறையில் வைப்பதற்காகச் செய்யப்பட்டவை; அணா என்றோ ரூபாய் என்றோ எந்த மதிப்பும் அவற்றில் இருக்காது, கம்பெனியின் பெயரும் இருக்காது. அவற்றின் நிழலில்தான் இந்தப் போலிகள் விலைபோகின்றன. தொலைபேசியில் பேசியவர் அந்தக் காசு அரிசியை இழுக்கும் என்றோ, அதில் இரிடியம் இருக்கிறது என்றோ அடுத்து சொல்லக்கூடும். தமிழ்நாட்டுக் காவல்துறை பல முறை கைது செய்திருக்கும் மோசடி அது. பழைய காசுகளை வாங்க விற்கத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. உண்மையாக வாங்க வருபவர் உங்களுக்குப் பணம் கொடுப்பார், உங்களிடம் கேட்க மாட்டார்.

இனி 1780. இந்தக் காசைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். இது மரியா தெரேசா தாலர். ஆஸ்திரியாவின் பேரரசி மரியா தெரேசா 1780 நவம்பரில் இறந்தார். அவர் உருவம் பொறித்த தாலர் அதற்கு முன்பே மத்தியதரைக் கடலைத் தாண்டி, செங்கடலின் இருகரைகளிலும் வணிகர்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்தது. ஏமன், எத்தியோப்பியா, அரேபியாவின் உட்பகுதிகள் எங்கும் காப்பிக்கொட்டைக்கும் தோலுக்கும் அந்தக் காசைத்தான் கேட்டார்கள், வேறு உருவம் பொறித்ததைத் தொடவும் தயங்கினார்கள். ஆகவே அரசி இறந்த பிறகும் அதே முகத்தோடு, அதே 1780 என்ற ஆண்டோடு காசை அடித்துக்கொண்டே போனார்கள்; வியன்னாவில் இன்றும் அடிக்கிறார்கள். இடையில் ப்ராக், மிலான், வெனிஸ் நாணயசாலைகளும் அடித்தன. 1935இல் முசோலினியின் இத்தாலி எத்தியோப்பியப் படையெடுப்பை ஒட்டி இதன் அச்சுகளைத் தன்வசம் பெற்றுக்கொண்டது. அதன்பின் லண்டன், பாரிஸ், பிரசெல்ஸ் நகரங்களிலும், 1940களின் தொடக்கத்தில் நம் பம்பாய் நாணயசாலையிலும் இதை அடித்தார்கள். எல்லாவற்றிலும் ஆண்டு 1780தான். ஒரு நாணயத்தில் இருக்கும் ஆண்டு, அதை அடித்தவர் சொல்ல விரும்பிய ஆண்டு, அவ்வளவே. அது பிறப்புச் சான்றிதழ் ஆகாது. நான் சேகரிக்கத் தொடங்கிய புதிதில் சென்னை வியாபாரி ஒருவர் இதே தாலரை இருநூறு ஆண்டுப் பழமை என்று சொல்லி என்னிடம் விற்றார். இரண்டு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் அது. காசு நல்ல வெள்ளிதான். ஆனால் என்னைவிடச் சில வயதே மூத்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

உங்கள் காசு வெள்ளிதானா என்பதை வீட்டிலேயே ஓரளவு உறுதி செய்துகொள்ளலாம். சரியான தாலர் ஏறத்தாழ 28.07 கிராம் எடை இருக்கும். குறுக்களவு 40 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். ஆயிரத்துக்கு 833 பங்கு வெள்ளி, எஞ்சியது செம்பு. தெரிந்த நகைக்கடையில் கேட்டால் கிராமில் நூற்றில் ஒரு பங்குவரை காட்டும் தராசில் எடை போட்டுக் கொடுப்பார்கள். அதே தராசில் பாதியளவு தண்ணீர் ஊற்றிய டம்ளரை வைத்துக் கணக்கைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல், முழுதாக மூழ்கும்படி கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் எண் காசு விலக்கிய நீரின் எடை. நல்ல தாலருக்கு அது 2.75 கிராம் அளவில் வர வேண்டும். செம்பு நிக்கல் கலவையில் அதே எடைக்குச் செய்த போலிக்கு 3.15ஐ ஒட்டி வரும். இந்த வேறுபாட்டைத் தராசு தெளிவாகவே காட்டிவிடும். காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் எண் பிழையாகும் என்பதால் மூழ்கடித்ததும் நூலை ஒருமுறை மெல்ல ஆட்டிவிடுங்கள்.

அதன்பின் விளிம்பைப் பாருங்கள். சேகரிப்பில் புதியவர்கள் தலையையும் பூவையும் மாறி மாறிப் பார்ப்பார்கள், விளிம்பைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை. தாலரின் விளிம்பில் ‘நீதியும் கருணையும்’ என்று பொருள்படும் இலத்தீன் வாசகம், இடையிடையே அலங்காரங்களோடு, தொட்டால் விரலில் தட்டுப்படும்படி புடைத்து நிற்கும். வார்ப்பில் செய்த போலியில் அந்த எழுத்துகள் மழுங்கியிருக்கும், அல்லது அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு ஓடும், அல்லது அந்தக் கோட்டை அரம் வைத்து ராவிய தடம் இருக்கும். அரசியின் தோளில் உள்ள உடை ஊசியில் ஒன்பது முத்துகள் தெரிகின்றனவா என்றும் எண்ணுங்கள். அரபு வணிகர்கள் காசை வாங்குமுன் பார்த்த அடையாளங்களில் அதுவும் ஒன்று என்பார்கள்.

இவ்வளவும் சரியாக வந்தால் அது நல்ல தாலர் என்று உறுதியாகச் சொல்லலாம். எந்த ஊரில், எந்தப் பத்தாண்டில் அடித்தது என்பது வேறு கேள்வி. மறுபக்கத்திலுள்ள கழுகின் வால் இறகுகள், புள்ளிகளின் இடம், எழுத்துகளின் வடிவம் ஆகியவற்றை ஒப்பிட்டு அதைப் பிரிக்கலாம். ஆனால் கைப்பேசிப் படத்தை வைத்து அதைத் தீர்மானிப்பது சரியாகாது, நான் செய்யவும் மாட்டேன். உங்கள் குடும்பத்தில் வழங்கும் கதை இங்கே கைகொடுக்கலாம். கொள்ளுத் தாத்தா முதல் உலகப் போரில் ஏடன் பக்கம் இருந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். அது நடக்கக்கூடியதே. ஏமனின் துறைமுக நகரான ஏடன் அப்போது பம்பாய் மாகாணத்தோடு சேர்ந்திருந்தது; 1915 ஜூலையில் துருக்கியர் அதை அடுத்துள்ள லஹேஜைப் பிடித்தபின் போர் முடியும்வரை இந்தியப் படைகள் ஏடனுக்கு வெளியே அவர்களை எதிர்த்து நின்றன. அந்த ஊர்ச் சந்தைகளில் புழங்கியது இந்தத் தாலர்தான். கதை உண்மையானால், உங்கள் காசு 1918க்கு முன் அடித்ததாக இருக்க வேண்டும். பம்பாயில் அடித்ததாக இருக்க முடியாது. பம்பாய் அச்சு என்று பின்னால் தெரியவந்தால், காசு பெட்டிக்குள் வந்தது வேறு வழியில் என்று கொள்ள வேண்டும். விலையைப் பொறுத்தவரை, பெரும்பாலான தாலர்கள் அவற்றிலுள்ள 23.39 கிராம் வெள்ளியின் அன்றைய மதிப்பைவிடச் சற்றுக் கூடுதலாகவே போகும். அரசி உயிரோடிருந்தபோதோ இறந்த சில ஆண்டுகளிலோ அடித்ததாக வல்லுநர் ஒருவர் உறுதி செய்தால் நிலைமை மாறும், அது அரிது.

பதக்கத்துக்கு வருகிறேன். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை ஒரு பக்கம், ஆடையற்ற குதிரைவீரன் மறுபக்கம் என்றால் அது முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். இதிலும் ஆண்டு ஏமாற்றும்: 1914, 1918 என்பவை போரின் ஆண்டுகள், பதக்கம் போர் முடிந்தபின் செய்யப்பட்டது. அறுபது லட்சத்துக்கும் மேல் கொடுத்த பதக்கம் என்பதால் பொதுவாகப் பார்த்தால் அரிய பொருள் இல்லை. ஆனால் உங்களுடையது ஒன்றுதான் இருக்கிறது, ஏனென்றால் விளிம்பில் வாங்கியவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை ஆங்கில எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியால் மெதுவாகச் சுற்றிப் படியுங்கள். தமிழ்ப் பெயர்களை அந்த எழுத்தர்கள் தம் காதில் விழுந்தபடி எழுதினார்கள். முனுசாமி, மாணிக்கம் போன்ற பெயர்களெல்லாம் நாம் எதிர்பாராத எழுத்துகளில் வரும். சென்னை மாகாணத்து ஆளாக இருந்தால், பாலமும் பாதையும் அமைக்கும் ‘விக்டோரியா அரசியாரின் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்’ படையின் சுருக்க எழுத்துகள் தெரியலாம். பெங்களூரில் தலைமையிடம் கொண்ட அந்தப் படையில் தமிழர் பெருமளவில் இருந்தார்கள். விளிம்பில் பெயர் உள்ள இடம் மட்டும் பள்ளமாக இருந்தாலோ, குறுக்களவு 36 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தாலோ பழைய பெயரை ராவிவிட்டு வேறு பெயர் பொறித்திருக்கிறார்கள் என்று ஐயப்பட வேண்டும். இதே பதக்கம் வெண்கலத்திலும் உண்டு. இந்திய, சீன, மால்ட்டா தொழிலாளர் படையினருக்குக் கொடுத்தது அது. வெள்ளியைவிட எண்ணிக்கையில் மிகக் குறைவு. விளிம்பில் உள்ள எண்ணையும் பிரிவையும் கொண்டு லண்டனில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் பதக்க அட்டைகளைத் தேடிப் பார்க்கலாம், அவை இணையத்தில் உள்ளன. சாதாரணச் சிப்பாயின் பணிப்பதிவேடு முழுதாகக் கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் அந்த விளிம்பில் இருக்கும் ஒரு வரிதான் அவரைப் பற்றி எஞ்சியிருக்கும் சான்று. இந்தப் பதக்கத்தை விற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கடையில் உருக்கப்பட்ட இத்தகைய பதக்கங்கள் எத்தனையோ.

தகர வில்லையைப் பற்றி நீங்கள் ‘இதைத் தூக்கிப் போட்டுவிடலாமா’ என்று எழுதியிருப்பதைப் படித்தபோது பதறிவிட்டேன். பாட்டியின் பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து திரும்பியவர்கள் என்று நீங்களே இன்னொரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டையும் நீங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் எடுப்பதில் ‘டின் டிக்கெட்’ என்றொரு முறை வந்தது. இங்கிருந்து புறப்படும் ஒவ்வொருவருக்கும், போகவேண்டிய தோட்டத்தை அடையாளம் காட்டும் எழுத்தும் எண்களும் குத்திய தகர வில்லை ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கொடுப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதருக்கு அதுதான் பயணச்சீட்டும் அடையாள அட்டையும். தட்டப்பாறை முகாமிலும், பின்னாளில் மண்டபம் முகாமிலும், ரயிலிலும் கப்பலிலும் அதைக் காட்டித்தான் போனார்கள். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறி, அங்கே போய்ச் சேர்ந்ததும் கடனாக அவர்கள் தலையில் விழுந்தது. உங்கள் வில்லை அதுதான் என்று நான் உறுதியாகச் சொல்லவில்லை. துளையும் எண்ணும் உள்ள தகர வில்லைகளைத் துறைமுகங்களிலும் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் ஆள் கணக்குக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள், அவை ஒன்றுபோலவே இருக்கும். குடும்ப வரலாறு பொருந்துகிறது, வடிவம் பொருந்துகிறது; எண்ணைத் தோட்டப் பதிவுகளோடு ஒப்பிட்டால்தான் முடிவுக்கு வரலாம். அதுவரை தூக்கிப் போடாதீர்கள். இந்த நான்கில் உலோக மதிப்பே இல்லாதது இதுதான். ஆனால் எனக்கு ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னால் தாலரை விட்டுவிட்டு இதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

எதையும் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, விபூதி, பாத்திரம் துலக்கும் தூள் எல்லாமே காசின் மேற்பரப்பை அரித்துவிடும். பளபளக்கும் பழைய காசைப் பார்த்தாலே சேகரிப்பவர் பாதி விலைதான் சொல்வார். வெள்ளியில் படிந்த கருமை அதற்குக் காவல், அப்படியே இருக்கட்டும். செம்பில் கெட்டியாகப் படிந்த கரும்பச்சைக் களிம்பால் ஆபத்தில்லை. வெளிர்பச்சையில் மாவுபோல உதிர்ந்தால் மட்டும் அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து உலர்ந்த இடத்தில் வையுங்கள். தகர வில்லையைத் தனித் தாள் உறையில் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைத்தால் துரு பரவாது. மலிவான மெல்லிய பிளாஸ்டிக் ஆல்பங்களைத் தவிருங்கள்; அவற்றிலிருந்து கசியும் பிசுபிசுப்பு சில ஆண்டுகளில் காசைப் பச்சையாக்கிவிடும். நம் கடற்கரை ஊர்களில் அது இன்னும் விரைவாக நடக்கும்.

உலக நாணயங்களைச் சேகரிக்கத் தொடங்கலாமா என்றால், தாராளமாகத் தொடங்குங்கள், ஆனால் நாட்டுக்கு ஒன்று என்று நூறு நாட்டுக் காசுகளை ஒரு பொட்டலமாக வாங்கித் தொடங்காதீர்கள். அந்த வழியில் போனவர்கள் பெரும்பாலும் ஓராண்டில் அலுத்து நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உங்களிடம் ஏற்கெனவே ஒரு திசை இருக்கிறது: சொந்த நாட்டைவிட்டு வெளியே போய்ப் புழங்கிய காசுகள். தாலர் அவற்றில் ஒன்று. மலாயாவிலும் ஹாங்காங்கிலும் புழங்குவதற்காக 1895 முதல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் அடித்த பிரிட்டிஷ் வணிக டாலர் இன்னொன்று, அது 26.95 கிராம் எடையில் இருக்க வேண்டும், போலிகள் மலிந்திருப்பதால் தராசு இல்லாமல் வாங்காதீர்கள். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் அடித்த சிறு ஈயக் காசுகளும் செம்புக் காசுகளும் உலக நாணயம்தான். சென்னையில் புழங்குவதற்காக இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1808இல் அடித்த பத்துக் காசு, இருபது காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் ஆங்கிலக் கரையோரத்திலேயே மூழ்கியது. சென்னைக்கு வரவேயில்லாத அந்தச் சென்னைக் காசுகளைக் கடலடியிலிருந்து எடுத்து இன்று குறைந்த விலைக்கு விற்கிறார்கள். தொடங்குபவருக்கு அதைவிட நல்ல முதல் காசு எனக்குத் தோன்றவில்லை. பெயரும் எடையும் சரிபார்க்க நியூமிஸ்டா இணையதளம் இலவசம்; நேரில் பார்த்துக் கண்ணைப் பழக்க எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயக் கூடம் இருக்கிறது.

சட்டம் பற்றி இரண்டு செய்திகள் மட்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வைத்திருக்கலாம், ஆனால் தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, அதை வாங்கி விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். மண்ணைத் தோண்டும்போது கிடைக்கும் புதையல் 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டியது. பரண் பெட்டியில் கிடைத்த குடும்பச் சொத்து அதில் வராது.

அடுத்த முறை படம் எடுக்கும்போது நான்கின் விளிம்புகளையும் தனித்தனியே எடுத்துப் போடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். தகர வில்லையில் துளையை அருகில் வைத்து எடுங்கள்: கயிற்றில் கோத்து நாள்கணக்கில் கழுத்தில் தொங்கியிருந்தால் துளையின் மேல்பக்கம் மட்டும் தேய்ந்து சற்று நீண்டிருக்கும், ஆணியில் மாட்டியிருந்த ஆலை வில்லையில் அந்தத் தேய்மானம் அவ்வளவாக இருக்காது. எண்களைக் கரிப்பென்சிலால் தாளில் படியெடுத்து அதையும் சேர்த்து அனுப்புங்கள். துருவில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து படியில் தெரியும்.